நூலகத்தில் ஆங்கிலம்: புதிதாகக் குடியேறிய பெரியவர்களுக்கு எந்தப் புத்தகம், எந்தச் சேவை?

கீழ்வானம் கேட்டது:

வணக்கம். அமெரிக்காவில் ஒரு பொது நூலகத்தில் வாரம் ஒரு மணி நேரம் ஆங்கிலப் பேச்சுக் குழு நடத்த அறை ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மூன்று விதமாக இருக்கிறார்கள். கல்லூரி வரை படித்தவர்கள். வாசித்தால் புரியும், வாயைத் திறந்தால் சொல் வராது. அடுத்து, எழுத்துக்கூட்டிப் பெயர்ப்பலகை வாசிப்பார்கள், முழு வாக்கியம் என்றால் நின்றுவிடுவார்கள். மூன்றாவது, பள்ளியைச் சின்ன வயதிலேயே விட்டவர்கள். தமிழையே மெதுவாகத்தான் வாசிக்கிறார்கள்.

நூலகத்தில் இவர்களுக்கென்று என்னென்ன இருக்கிறது, எங்கே தேடுவது? அட்டை இருந்தால் இலவசமாகக் கிடைக்கும் ஆன்லைன் பாடங்களில் எது உருப்படி? ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது? குடியுரிமை நேர்காணலுக்குத் தயாராகும் இருவரும் இருக்கிறார்கள். குழந்தைகள் பகுதிப் புத்தகங்களைக் கொடுக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

அலமாரி428:

முதலில் புத்தகங்கள். ஆங்கிலம் கற்போருக்கான நூல்கள் ஒரே இடத்தில் இருக்காது, குறைந்தது மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும். நூலகங்கள் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி வரிசையில் 428 என்பது ஆங்கிலப் பயன்பாடு. பிறமொழிக்காரர்களுக்கான பாடநூல்கள் 428.24ஐ ஒட்டியும், வாசிப்புப் பயிற்சி நூல்கள் 428.6ஐ ஒட்டியும் நிற்கும். இரண்டாவது, பல நூலகங்கள் "லிட்டரசி", "நியூ ரீடர்", "இஎஸ்எல்" (இரண்டாம் மொழியாக ஆங்கிலம்) என்று பெயர் ஒட்டித் தனி அலமாரி வைத்திருப்பார்கள். அங்கே இருக்கும் புத்தகம் 428 வரிசையில் இருக்காது, அதனால் எண்ணை மட்டும் நம்பிப் போனால் தவறவிடுவீர்கள். மூன்றாவது குழந்தைகள் பகுதியின் தகவல் நூல்கள்.

கேட்டலாக்கில் வெறுமனே "இங்கிலீஷ்" என்று தட்டினால் ஆயிரக்கணக்கில் கொட்டும். பொருள் தலைப்பு என்ற தேடலைத் தேர்ந்து "இங்கிலீஷ் லாங்குவேஜ் டெக்ஸ்ட்புக்ஸ் ஃபார் ஃபாரின் ஸ்பீக்கர்ஸ்" என்று கொடுங்கள். கிட்டத்தட்ட எல்லா அமெரிக்க நூலகங்களும் பயன்படுத்துகிற தலைப்பு அது, அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வகுத்தது. எளிய கதைகளுக்கு "ரீடர்ஸ் ஃபார் நியூ லிட்டரேட்ஸ்", "ஹை இன்ட்ரஸ்ட் லோ வொகாபுலரி புக்ஸ்" என்ற இரண்டு தலைப்புகள். ஏதாவது ஒரு நல்ல புத்தகம் கிடைத்ததும் அதன் பதிவில் உள்ள தலைப்பு இணைப்பைச் சொடுக்கினால் அதன் உறவுக்காரர்கள் எல்லோரும் வரிசையில் வந்து நிற்பார்கள்.

பெரியவர்களுக்குச் சிறந்தது படிநிலை வாசிப்பு நூல்கள், அதாவது படிக்கு இத்தனை சொல் என்று மட்டுப்படுத்தி எழுதிய நூல்கள். ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையை எடுத்துக்கொண்டால் தொடக்கநிலை 250 அடிச்சொற்கள், 1ஆம் படி 400, 2ஆம் படி 700, 3ஆம் படி 1,000, அப்படியே ஏறி 6ஆம் படியில் 2,500. உங்கள் முதல் வகையினர் தயக்கமில்லாமல் 3ஆம் படியில் தொடங்கலாம். இரண்டாம் வகையினருக்குத் தொடக்கநிலை. பட்டம் வாங்கியவர் என்பதற்காக நேரே தடித்த நாவலைக் கொடுக்காதீர்கள், பத்துப் பக்கத்தில் மூடி வைத்துவிடுவார்.

படி பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு சோதனை. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து 100 சொற்களை எண்ணி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். இரண்டு விரலுக்குள் நின்றால் அகராதி இல்லாமல் தானே வாசிக்கலாம். ஐந்து என்றால் குழுவில் உதவியோடு வாசிக்கலாம். பத்தைத் தாண்டினால் அலமாரியில் திரும்ப வையுங்கள், அது வாசிப்பே இல்லை, அகராதி புரட்டும் வேலை.

படச் சொல்லகராதிகளும் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு படச் சொல்லகராதியில் சுமார் 4,000 சொற்கள் தலைப்புவாரியாக இருக்கின்றன. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். மருத்துவமனைப் பக்கம், அஞ்சல் அலுவலகப் பக்கம் என்று அந்த வாரம் தேவைப்படும் ஒரு பக்கம், அதில் 10, 12 சொல், போதும்.

இனி ஏமாற்றங்கள். பயிற்சிப் புத்தகங்களை நூலகங்கள் பொதுவாக வாங்குவதில்லை, எவராவது எழுதிவிட்டால் அடுத்தவருக்குப் பயன்படாது என்பதால். ஆகவே மாணவர் நூல் இருக்கும், அதோடு வரும் ஒர்க்புக் இருக்காது. பின் அட்டையில் "ஒலிப்பதிவு உள்ளது" என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே குறுந்தகடு இல்லாமல் போயிருக்கலாம். புதிய பதிப்புகளில் ஒலிப்பதிவைத் திறக்கச் சுரண்டிப் பார்க்கும் குறியீடு இருக்கும், அது முதல் ஆளோடு தீர்ந்துவிடும். குறியீடு தேடி நேரம் வீணாக்காமல் பதிப்பாளர் தளத்தில் ஒலிக்கோப்பு இலவசமாக இருக்கிறதா என்று பாருங்கள், பல நூல்களுக்கு இருக்கிறது.

குழுவுக்கு ஒரே புத்தகம் எட்டு, பத்துப் பிரதி வேண்டுமென்றால் "புக் கிளப் கிட்" என்று கேளுங்கள். அதில் படிநிலை நூல் இல்லாவிட்டால் கொள்முதல் பரிந்துரைப் படிவத்தில் எழுதிப் போடுங்கள். தலைப்பு, பதிப்பகம், ஐஎஸ்பிஎன், "பேச்சுக் குழுவுக்கு" என்ற காரணம் நான்கும் இருந்தால் அந்தப் படிவத்துக்கு மதிப்பு அதிகம். பிற நூலகத்திலிருந்து வரவழைக்கும் வழியும் உண்டு. ஆனால் பாடநூல்களை வெளியே அனுப்பப் பல நூலகங்கள் மறுக்கும், கதைநூல்களுக்கே அது சரிப்படும்.

மின்னட்டை:

ஆன்லைன் பக்கம் நான் சொல்கிறேன். முதல் விதி: எந்தச் சேவையாக இருந்தாலும் உங்கள் நூலகத் தளத்தில் உள்ள இணைப்பு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கூகுளில் தேடியோ செயலிக் கடையிலிருந்தோ நேரே போனால் பணம் கேட்கும், "இலவசம் என்று சொன்னார்களே" என்று குழப்பம் வரும். நூலகத் தளத்தில் "டேட்டாபேஸ்", "ஈ-லேர்னிங்" அல்லது "ரிசோர்சஸ் ஏ டு இசட்" என்ற பக்கத்தைத் தேடுங்கள்.

நுழையும்போது அட்டை எண்ணும் பின் எண் என்ற ரகசிய எண்ணும் கேட்கும். அட்டை எண் பெரும்பாலும் 14 இலக்கம். அட்டையில் இடைவெளி விட்டு அச்சிட்டிருந்தாலும் தட்டும்போது இடைவெளி கூடாது. பின் எண்ணைப் பல நூலகங்கள் தொலைபேசியின் கடைசி நான்கு இலக்கமாக வைத்துவிடும். அதன்பிறகு தொலைபேசி எண்ணை மாற்றியவர்தான் "என் அட்டை வேலை செய்யவில்லை" என்று வந்து நிற்பார். அட்டை காலாவதியாகியிருந்தாலும் திரையில் "தவறான எண்" என்றே வரும், காரணம் சொல்லாது. கவுண்டரில் முகவரியை உறுதிசெய்து புதுப்பித்தால் தீர்ந்தது. இன்னொன்று, கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை திறந்திருக்கும்போது கடவுச்சொல் தட்டினால் புள்ளி புள்ளியாக மறைந்திருப்பதால் தவறு கண்ணுக்குத் தெரியாது. முதல் நாள் இதை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுங்கள், அது முடிந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மேங்கோ லாங்குவேஜஸ் என்ற மொழிப்பாடச் சேவை பல நூலகங்களில் இருக்கிறது. அதில் தமிழ் என்று தேடினால் வருவது தமிழைக் கற்றுத்தரும் பாடம். ஆங்கிலம் படிக்க வந்தவர் அதில் போய் விழுவது சகஜம். ஆங்கிலப் பாடங்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு, அதைத் திறந்து கொடுங்கள். அதன் நல்ல அம்சம், நாம் சொன்னதைப் பதிவுசெய்து மூலக் குரலோடு ஒப்பிட்டுக் காட்டுவது. லேர்னிங் எக்ஸ்பிரஸில் இலக்கணமும் தேர்வுப் பயிற்சியும் இருக்கின்றன. முதல் வகையினருக்கு மட்டும். பிரெயின்ஃபியூஸ் இருந்தால் நேரடி ஆசிரியர் அரட்டையில் கிடைப்பார், எழுதிய பத்தியை அனுப்பித் திருத்தியும் வாங்கலாம். வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இதைவிட உபயோகமான இலவசச் சேவை இல்லை, ஆனால் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

கேட்பதற்கு லிபி என்ற நூலக இரவல் செயலி. ஒலிநூலையும் அதே தலைப்பின் மின்னூலையும் இரவல் எடுத்து, காதில் கேட்டபடி கண்ணால் வரியைத் தொடர வைக்கலாம். வேகத்தைக் குறைக்கலாம், ஆனால் 0.75க்குக் கீழே போனால் குரல் இழுபட்டு ஓசை கெடும். அதற்குப் பதில் எளிய படி நூலுக்கு இறங்குங்கள். லிபியில் வரிசையில் காத்திருக்கச் சொல்வது ஏனென்றால் ஒரு உரிமத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு வாசகர் என்றுதான் பதிப்பாளர்கள் விற்கிறார்கள். ஹூப்லா என்ற இன்னொரு செயலியில் காத்திருப்பு இல்லை, மாதத்துக்கு இத்தனை என்ற வரம்பு உண்டு. கானோப்பி என்ற திரைப்படச் சேவையில் படம் பார்த்தால் ஆங்கில வசன வரியைப் போடச் சொல்லுங்கள்.

அட்டையே இல்லாதவருக்கு யூஎஸ்ஏ லேர்ன்ஸ் என்ற ஆங்கிலப் பாடத் தளம். கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோ கவுண்டி கல்வி அலுவலகம் நடத்துவது, மின்னஞ்சல் ஒன்று போதும். மெதுவான செய்தி வாசிப்புக்கு, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் தொடங்கிய எளிய ஆங்கில ஒலிபரப்பின் பழைய பதிவுகள். சுமார் 1,500 அடிப்படைச் சொற்களுக்குள் எழுதப்பட்டவை.

வீட்டில் இணையம் இல்லாதவருக்கு ஹாட்ஸ்பாட் கருவியையே இரவல் தரும் நூலகங்கள் இருக்கின்றன. தேதி தாண்டினால் இணைப்பைத் தூரத்திலிருந்தே துண்டித்துவிடுவார்கள், கருவி பழுதென்று நினைக்க வேண்டாம்.

வேலியோரம்:

குழந்தைகள் புத்தகம் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. தாராளமாகக் கொடுக்கலாம். படம் இருக்கிறது, வரி குறைவு, பயமில்லை.

மெய்யெழுத்து:

வேலியோரம், அரைகுறையாக ஒத்துக்கொள்கிறேன். படக்கதைகள் பார்க்கத்தான் எளிது. எதுகைக்காக எழுதிய வரிகள், விலங்குகளின் சத்தங்கள், பேச்சில் வராத வினைச்சொற்கள், கேலி. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பெரியவர் அதில் சிக்கினால் "சின்னப் பிள்ளைப் புத்தகம்கூட எனக்கு வரவில்லை" என்று மனம் விட்டுவிடுவார். ஆனால் குழந்தைகள் பகுதியின் தகவல் நூல்கள் வேறு சங்கதி. உடல் உறுப்புகள், வானிலை, தீயணைப்புத் துறை, வாக்குச்சாவடி என்று ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று நேர்வாக்கியம், புகைப்படம், கடைசியில் சொற்பட்டியல். அவற்றைக் கொடுங்கள். படக்கதைக்கு ஒரே விதிவிலக்கு பேரப்பிள்ளைக்கு வாசித்துக் காட்ட விரும்பும் தாத்தா பாட்டி. அவர்களுக்கு வாக்ஸ் புக்ஸ் போன்று அட்டையோடே ஒலிக்கருவி பொருத்திய நூல் இருக்கிறதா என்று கேளுங்கள். பொத்தானை அழுத்தினால் வாசிக்கும், கைப்பேசி தேவையில்லை.

இப்போது அந்த ஒரு மணி நேரம். பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து, நடத்துபவர் பாதி நேரம் பேசினால் ஆளுக்கு இரண்டரை நிமிடம்தான் கிடைக்கும். அதற்கு வீட்டிலேயே இருக்கலாம். இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுங்கள். இருபது நிமிட இணைப்பேச்சில் ஆளுக்குப் பத்து நிமிடம் வாய்க்கு வேலை. எனக்குச் சரியாகப் படுகிற பிரிப்பு: தொடக்கத்தில் பத்து நிமிடம், அந்த வாரத் தலைப்பின் எட்டுச் சொற்களைப் பலகையில் எழுதிச் சேர்ந்து சொல்வது. அடுத்து பதினைந்து நிமிடம் ஒரு சின்ன உரையை இருமுறை கேட்டு ஒருமுறை வாசிப்பது. பிறகு இருபது நிமிடம் இணைப்பேச்சு. மிச்சத்தில் நடிப்பு: ஒருவர் மருத்துவமனை வரவேற்பாளர், ஒருவர் நோயாளி. உரை தேடி அலைய வேண்டாம், நூலகத்திலேயே கிடக்கிறது. அட்டை விண்ணப்பப் படிவம், நிகழ்ச்சி அட்டவணை, வரி உதவி அறிவிப்பு. அட்டை விண்ணப்பத்தை நிரப்புவதே முதல் வாரப் பாடமாக இருக்கட்டும்.

தமிழே கூடாது என்று விரதம் பிடிக்காதீர்கள். என்ன செய்யப்போகிறோம் என்பதை இரண்டு நிமிடம் தமிழில் சொல்லிவிட்டால் நேரம் மிச்சமாகும். இணைப்பேச்சுக்குள் மட்டும் தமிழ் வேண்டாம். தமிழரும் தமிழரும் இணையானால் ஒரு நிமிடத்தில் தமிழுக்குத் தாவிவிடுவார்கள், ஆகவே முடிந்தால் வேறு மொழிக்காரரோடு இணையுங்கள். ஒரு நாளைக்கு ஒரே வகைப் பிழையைத்தான் திருத்த வேண்டும். இன்று இறந்தகாலம் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் செவிடாக இருங்கள்.

உச்சரிப்பில் தமிழருக்கென்று சில இடங்கள் உண்டு, பொதுப் பாடநூல்கள் இவற்றைத் தொடுவதில்லை. தமிழில் சொல்லின் முதலில் வல்லினம் வன்மையாகவும், மெல்லினத்துக்குப் பின்னும் உயிர்களுக்கு நடுவிலும் மென்மையாகவும் தானாகவே மாறும். அதற்குத் தனி எழுத்து தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடே பொருளை மாற்றும். "மூட்டை கட்டு" என்ற பொருளுள்ள பேக், "முதுகு" என்ற பொருளுள்ள பேக் இரண்டும் தமிழ் எழுத்தில் ஒன்றுதான். ஆகவே உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை இந்தச் சொற்களில் தடுக்க வேண்டும். இன்னும் ஒரு சிக்கல்: சொல்லின் முதலில் வரும் ப, ட, க ஓசைகளை அமெரிக்கர்கள் மூச்சோடு வெளியே தள்ளுவார்கள். நாம் மூச்சில்லாமல் சொல்வதால் அவர்கள் காதுக்கு "முதுகு" என்றே விழும். ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள். "மூட்டை கட்டு" பேக் சொல்லும்போது காகிதம் அசைய வேண்டும், "முதுகு" பேக்கில் அசையக்கூடாது. இரண்டு வாரம் இது போதும்.

மேற்கு என்ற பொருளுள்ள சொல்லும் கையில்லாத மேற்சட்டை என்ற பொருளுள்ள சொல்லும் நம் வாயில் ஒரே "வெஸ்ட்"தான். மேற்குக்கு உதடு குவிய வேண்டும், பல் படக்கூடாது. சட்டைக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். கைக்கண்ணாடி இருந்தால் பார்த்தே திருத்திக்கொள்ளலாம். சொல் முடிவில் உகரம் ஒட்டுவது, "பேக்கு", "கார்டு" என்பது போல, கேட்பவருக்குக் கூடுதல் அசையாகப் படும். கடைசி மெய்யில் வாயை அப்படியே நிறுத்தப் பழக்குங்கள். "இஸ்கூல்" சிக்கலுக்கு முதலில் பாம்பு சீறுவதுபோல நீட்டிவிட்டு "கூல்" சேர்க்கச் சொன்னால் முன்னால் வரும் இகரம் உதிர்ந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், தொலைபேசியில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லப் பழக்குங்கள். நம் பெயர்கள் நீளம். கடைசி எழுத்தை அமெரிக்காவில் "இசட்" என்றால் புரியாது, "ஸீ" என்ற ஓசை. "ஹெச்" என்பது அங்கே "எய்ச்". எண்களில் "டபுள் ஃபைவ்" என்றால் எதிர்முனை தடுமாறும், "ஃபைவ் ஃபைவ்" என்று சொல்லட்டும். தேதியில் மாதம் முன்னால். 03/04 என்று மருத்துவமனைச் சீட்டில் இருந்தால் மார்ச் 4. ஏப்ரல் 3ஆம் தேதி போய் நின்றால் பார்க்க மாட்டார்கள்.

உங்கள் மூன்றாவது வகையினரைப் பேச்சுக் குழுவில் வைத்துக்கொண்டு எழுத்தும் கற்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கு ஒருவருக்கு ஒருவர் பயிற்சி வேண்டும். பல நூலகங்களில் "அடல்ட் லிட்டரசி" என்ற தனிப் பிரிவு, பயிற்சி பெற்ற தன்னார்வலரைச் சேர்த்து வைக்கும். காத்திருப்புப் பட்டியல் இருக்கலாம், இன்றே பெயர் எழுதிவிடுங்கள். அதுவரை அவர்கள் உங்கள் குழுவில் கேட்கட்டும், பேசட்டும். வாசிக்கச் சொல்லிக் கூச்சப்படுத்தாதீர்கள்.

ஏழாம்படி:

குடியுரிமை கேட்டிருந்தீர்கள். முதலில் அந்த இருவரும் எந்தத் தேதியில் என்-400 என்ற குடியுரிமை மனு போட்டார்கள் என்று கேளுங்கள். 2025 அக்டோபர் 20 அல்லது அதற்குப் பிறகு என்றால் புதிய குடிமைத் தேர்வு (அமெரிக்க வரலாறும் அரசமைப்பும் பற்றியது): 128 கேள்விப் பட்டியல், 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். அதற்கு முன் போட்டவர்களுக்குப் பழையது: 100 கேள்வி, 10 வரை, 6 சரி. நூலகத்தில் 323.6ஐ ஒட்டி நிற்கும் தயாரிப்பு நூல்களில் பெரும்பகுதி பழைய தேர்வுக்கானவை. பதிப்பு ஆண்டைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தால் பல கேள்விகள் விட்டுப்போகும். குடியேற்றத் துறையின் தளத்திலேயே முழுப் பட்டியல் இலவசம், அச்சிட்டுக்கொள்ளுங்கள். அதிபர், மாநில ஆளுநர் பெயர் போன்ற மாறும் விடைகளை அச்சில் நம்ப வேண்டாம்.

ஆங்கிலப் பகுதி பயப்படுகிற அளவுக்கு இல்லை. மூன்று வாக்கியத்தில் ஒன்றைச் சரியாக வாசிக்க வேண்டும். சொல்லச் சொல்ல மூன்றில் ஒன்றைச் சரியாக எழுத வேண்டும். இரண்டுக்கும் உரிய சொற்பட்டியலைத் துறையே வெளியிட்டிருக்கிறது. உண்மையில் ஆட்களைக் கவிழ்ப்பது பேச்சுப் பகுதி. அது தனித் தேர்வு இல்லை, மனுவில் உள்ள கேள்விகளை அதிகாரி கேட்பதுதான். "நீங்கள் எப்போதாவது..." என்று தொடங்கும் நீண்ட வரிசை இருக்கிறது. அந்தச் சொற்களுக்குப் பொருள் தெரியாமல் எல்லாவற்றுக்கும் "நோ" சொல்லப் பழகியவரிடம், "இதற்கு என்ன அர்த்தம்?" என்று அதிகாரி திருப்பிக் கேட்டால் கதை முடிந்தது. மனுவின் நகலையே பாடநூலாக வைத்து, வாரம் ஐந்து கேள்வி, ஒவ்வொன்றையும் எளிய ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லுங்கள். தோற்றால் தோற்ற பகுதிக்கு மட்டும் 60 முதல் 90 நாளில் மறுவாய்ப்பு ஒன்று உண்டு.

மனு போடும் நாளில் 50 வயதாகி, நிரந்தரக் குடியிருப்பாளராக 20 ஆண்டு வாழ்ந்திருந்தால், அல்லது 55 வயதும் 15 ஆண்டும் ஆகியிருந்தால், ஆங்கிலத் தேர்வு கிடையாது. குடிமைக் கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளரை நாமே அழைத்துப்போக வேண்டும். 65 வயதும் 20 ஆண்டும் ஆனவர்களுக்கு நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகள் மட்டும். இது தெரியாமல் பெரியவர்களை எழுத்துப் பயிற்சியில் வாட்டுகிறார்கள். மனுவை நிரப்புவதில் சந்தேகம் என்றால் நூலக ஊழியரைக் கேட்காதீர்கள், சட்ட ஆலோசனை சொல்ல அவர்களுக்கு அனுமதியில்லை. நீதித்துறை அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் பட்டியலை அவர்களால் எடுத்துத் தர முடியும்.

பனங்கூடல்:

கனடாவில இருக்கிற ஆக்களும் இதை வாசிப்பினம் எண்டபடியால் சுருக்கமாச் சொல்லுறன். இஞ்ச நூலகத்தில கதைக்கிற குழு நல்லதுதான், ஆனால் அதில சான்றிதழ் வராது. குடியுரிமைக்கு 18 தொடக்கம் 54 வயது வரை உள்ள ஆக்கள் கேட்டலிலயும் கதைக்கிறதிலயும் சிஎல்பி எண்ட கனடிய மொழி அளவுகோலில 4ஆம் நிலை காட்ட வேணும். அரசாங்கம் காசு குடுக்கிற லிங்க் வகுப்பில படிச்சு அந்த நிலை முடிச்ச சான்றிதழை அதுக்குக் குடுக்கலாம். லிங்க் நிரந்தர வதிவிட உரிமை உள்ள ஆக்களுக்கும் பாதுகாப்புப் பெற்ற அகதிகளுக்கும்தான். குடியுரிமை எடுத்தாப் பிறகு அதில சேரேலாது. அதால முதல்ல மதிப்பீட்டு நிலையத்தில நிலையைப் பார்த்து லிங்கில பதிஞ்சுபோட்டு, நூலகக் குழுவைப் பக்கத்தில வைச்சிருங்கோ. சில நூலகக் கிளையளில குடியேற்ற உதவியாளர் ஒராள் வந்து இருப்பார், அவரைக் கேட்டால் மதிப்பீட்டுக்கு நேரம் எடுத்துத் தருவார்.

கீழ்வானம்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். பிள்ளைகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்திருக்கும் பெற்றோர் குழுவுக்கு வரலாமா? அவர்களுக்கு அட்டை கிடைக்குமா?

அலமாரி428:

குழுவுக்கு வர அட்டையே தேவையில்லை. நூலகத்தின் பொது நிகழ்ச்சி, கதவு திறந்திருக்கும், யாரும் உட்காரலாம். விசிட்டர் விசாவில் பட்டத்துக்கோ சான்றிதழுக்கோ கணக்காகும் படிப்பில் சேரக்கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. வாரம் ஒரு மணி நேரப் பேச்சு அதற்குள் வராது.

அட்டைக்கு நூலகம் பார்ப்பது விசாவை அல்ல, முகவரியை. புகைப்பட அடையாளம் ஒன்று, பாஸ்போர்ட் போதும். அந்த முகவரியில் இருப்பதற்கு ஒரு கடிதம். வாடகை ஒப்பந்தமும் மின்கட்டண ரசீதும் பிள்ளை பெயரில் இருப்பதால்தான் பெற்றோர் மாட்டிக்கொள்கிறார்கள். எளிய வழி, அவர்கள் பெயருக்கு அந்த முகவரிக்குத் தபாலில் ஏதாவது வரச் செய்வது. தபால் முத்திரை விழுந்த உறையையே சான்றாக ஏற்கும் நூலகங்கள் உண்டு. சில இடங்களில் நூலகமே ஒரு தபால் அட்டை அனுப்பி, அதைக் கொண்டுவந்தால் அட்டை தரும். இரண்டும் இல்லாவிட்டால் தற்காலிக அட்டை என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று புத்தகம் என்ற வரம்போடு தருவார்கள், ஆன்லைன் சேவைகளுக்கு அது பல நேரம் செல்லாது. அப்படியானால் நூலகக் கணினியில் உட்கார்ந்து மேங்கோவைத் திறக்கலாம். கட்டடத்துக்குள் இருந்தால் அட்டை எண் கேட்காத சேவைகள் பல.

பெற்றோர் ஊருக்குத் திரும்பும் வாரத்தில் பெட்டிக்குள் நூலகப் புத்தகம் போகாமல் பாருங்கள். தாமதக் கட்டணத்தையே எடுத்துவிட்ட நூலகங்கள்கூடத் தொலைந்த புத்தகத்தின் விலையை விடுவதில்லை, அது பிள்ளையின் அட்டையில் எடுத்ததாக இருந்தால் அட்டையும் முடங்கும்.